நெற்கிட்டங்கிக்குள் ஒரு களரி

முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் ஊரில் வெள்ளைக்காரர் காலத்து நெற்கிட்டங்கி (நெல் சேமிக்கும் களஞ்சியம்) ஒன்று வௌவால் குடியிருந்து கிடந்தது. அதை இருநூறு பேர் இருந்து பார்க்கிற கூத்து அரங்கமாக்கிவிட்டோம். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறவர்களுக்காக இது.

கடிதவேலைதான் முதலில். கட்டடம் கூட்டுறவுச் சங்கத்தினுடையது. காணி உறுதிப் பத்திரம் 2009 இடப்பெயர்வில் போய்விட்டது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்த பிறகுதான் பிரதேச சபை விண்ணப்பத்தையே வாங்கியது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. எங்களுடையது அதற்குப் பிந்தியது. ஆனாலும் பழைய கட்டடம் என்பதால் சுவரில் கைவைக்கமுன் தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுக்கொண்டோம்.

கிட்டங்கி நெல்லுக்குக் கட்டியது, ஆட்களுக்கு அல்ல. ஒரே வாசல், எட்டாத உயரத்தில் காற்றுத் துவாரங்கள், ஈரம் ஏறாதிருக்க இரண்டரை அடி உயர்ந்த நிலம். நெருப்புப் பிடித்தால் சனம் வெளியேற இன்னொரு வாசல் வேண்டும். தடித்த சுவரை ஒரேயடியாக உடைக்காமல், மேசன் உட்பக்கப் பாதியில் மேல்வளையை (வாசலுக்கு மேல் சுவரைத் தாங்கும் வளை) ஏற்றி, அது இறுகியபின் வெளிப்பக்கப் பாதிக்கு மற்றதை ஏற்றி, அதற்குப் பிறகே கீழே திறந்தார். பூச்சுக்குச் சீமெந்து வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவர்தான். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்துப் பூச்சு கழன்று விழும்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று கணக்குப் போட்டால் முப்பது அடி. முற்றத்தில் பாதி போய்விடுமே என்று சிலர் முணுமுணுத்தார்கள். போரில் கால் இழந்தவர்கள் இத்தனை பேர் உள்ள ஊரில் இதற்கெல்லாம் விவாதமா?

பெரிய சண்டை மேடைக்குத்தான். இளம் பிள்ளைகள் ஒரு முனையில் உயர்ந்த மேடையும் திரைச்சீலையும் கேட்டார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒத்துக்கொள்ளவில்லை. வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், சனம் சுற்றியிருக்க ஆடுவதுதான் கூத்து என்றார். பரீட்சித்துப் பார்த்தோம். முனையில் நின்று பாடினால் மத்தளமும் பாட்டும் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று குழம்பின. நடுவில் நின்றால் கடைசி ஆளும் கிட்டவே இருந்தார், ஒலிவாங்கியே தேவைப்படவில்லை. மிஞ்சிய எதிரொலிக்குச் சுவரோரம் சாக்கும் பாயும் தொங்கவிட்டோம். சனம் நிறைந்தால் அதுவும் அவ்வளவாகத் தேவையில்லை. மேடைக்கு ஒதுக்கிய காசு கழிவறைக்குப் போனது, நல்லதாய்ப் போயிற்று.

காத்தவராயன் கூத்தோடு தொடங்கிவிட்டோம். இப்போது சங்கம் கலியாண வீட்டுக்கும் வாடகைக்கு விடலாம் என்கிறது. களரி நடுவில் இருந்தால் மணவறையை எங்கே வைப்பது என்பதுதான் வருகிற கூட்டத்தில் முதல் பேச்சு.