விக்டரி மாதிரிக் கப்பல்: நடுப் பாய்மரத்துக்குக் கயிறு கட்டியாயிற்று

1765-ல் நீரில் இறங்கி, இப்போது இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் உலர்துறையில் நிற்கும் விக்டரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் 1:100 மாதிரி இது. உடல் வேலை முடிந்து, நடுப் பாய்மரத்தின் கீழ்ப்பகுதிக்குக் கயிறு கட்டியாயிற்று. அசல் கப்பலில் சுமார் 42 கிலோமீட்டர் கயிறு உண்டு என்பார்கள். அத்தனையும் மாதிரியில் வராது. ஆனால் வருகிற கயிற்றை மாலுமிகள் கட்டிய வரிசையிலேயே கட்டுவது என்று ஆரம்பித்தேன்.

பாய்மரம் ஒரே மரம் இல்லை. கீழ்மரம், டாப்மாஸ்ட், டாப்கேலன்ட் என்று மூன்று துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். மூன்றையும் முதலிலேயே ஒட்டிவிடலாம், நான் ஒட்டவில்லை. காரணம் ஷ்ரவுடுகள். மரத்தின் தலையிலிருந்து கப்பலின் இரு விளிம்புக்கும் இறங்கும் இந்தக் கயிறுகள் ஜோடி ஜோடியாக வருபவை. ஒரு கயிற்றை நடுவில் மடித்து, மடிப்பில் கண்ணி போட்டு, மரத்தின் தலைவழியே மாட்ட வேண்டும். தலை திறந்திருந்தால்தான் கண்ணி நுழையும். வலப்பக்க முன் ஜோடி முதலில், அப்புறம் இடப்பக்க முன் ஜோடி, மறுபடி வலம். இப்படி மாற்றி மாற்றி மாட்டியதில் கண்ணிகள் அழகாக அடுக்கி உட்கார்ந்தன, மரமும் சாயாமல் நின்றது.

கீழ் முனைகளில் மூன்று துளையுள்ள டெட்ஐ கட்டைகள். மேலும் கீழுமாக இரண்டு கட்டைகளைச் சிறுகயிறு கோத்து இறுக்குகிறது. எல்லா ஜோடிக்கும் இடைவெளி ஒன்றாக இருக்க, கம்பியை இரு முனையிலும் வளைத்து ஓர் அளவுகோல் செய்துகொண்டேன். இதைச் செய்யாமல் தொடங்கவே வேண்டாம்.

மரத்தின் தலையிலிருந்து முன்பக்கம் போகும் ஸ்டே என்ற கயிறு கடைசியில், ஷ்ரவுடு கண்ணிகளுக்கு மேலே. ஷ்ரவுடுகள் சற்றுப் பின்னோக்கிச் சரிந்து இறங்குவதால், மரத்தை பக்கவாட்டிலும் பின்னாலும் அவை பிடிக்கின்றன. முன்னால் பிடிப்பது ஸ்டே. அதை இறுக்கியதும் ஷ்ரவுடுகள் எல்லாம் சேர்ந்து விறைத்தன, வீணைத் தந்தியைப் போல. இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த நேரம் அதுதான். படத்தில் எத்தனை முறை பார்த்தாலும் புரியாத விசைக் கணக்கு விரலுக்குப் புரிந்துவிட்டது.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. நிலையாக நிற்கும் இந்தக் கயிறுகள் தார் பூசியவை, அதனால் கருப்பு நூல். பாயை இழுக்கும் கயிறுகளுக்குப் பழுப்பு நூல் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டையும் தேன்மெழுகில் இழுத்தால் பிசிறு அடங்கும்.

அப்புறம் ராட்லைன், அதாவது மாலுமிகள் ஏறும் கயிற்றுப் படிகள். 3.5 மி.மீ. இடைவெளியில் கோடு போட்ட அட்டையைப் பின்னால் வைத்து, ஒவ்வொரு ஷ்ரவுடிலும் கிளவ் ஹிட்ச் முடிச்சு. ஐந்தாவது, பத்தாவது படிகளை முதலில் கட்டிவிட்டு இடைப்பட்டவற்றை நிரப்பினால் ஷ்ரவுடுகள் நடுவில் இடுங்காது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வலை வேலையைச் சுருக்கும்தான், ஆனால் முடிச்சின் தடிப்பு அதில் வரவே வராது.

மேல் சில படிகளை இன்னும் கட்டாமல் விட்டிருக்கிறேன். அடுத்து டாப்மாஸ்ட் ஏறும்போது அதன் ஷ்ரவுடுகளைத் தாங்கும் ஃபட்டாக் கயிறுகள் அந்த இடத்தில்தான் கட்டப்படும். அவை கீழ் ஷ்ரவுடுகளை வெளிப்பக்கம் இழுக்கும். அந்த இழுவைக்கு ஈடாக இரு பக்க ஷ்ரவுடுகளையும் குறுக்கே பிணைத்த பிறகே மிச்சப் படிகள்.