குலா கேட்கும் பெண்ணுக்கு ஜமாஅத் கடிதம் போதாது

ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2017இல் செல்லாததாகி, 2019இல் குற்றமும் ஆனது. ஆனால் மாதம் ஒன்றாக மூன்று மாதம் தலாக் சொல்லிப் பிரிய, கணவர் இன்றும் பொதுவாக நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. மனைவி பிரிய நினைத்தால்தான் ஆதாரம், சாட்சி, அலைச்சல் எல்லாம். தமிழ்நாட்டில் இந்தப் பெண்களுக்குத் துணையாகப் போய்வருவதில் நாங்கள் அறிந்தவை இவை.

மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கான குலாவுக்காக, முதலில் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகமான ஜமாஅத்துக்குத்தான் போகிறார்கள். "கணவர் சம்மதித்தால்தான் குலா" என்று பல இடங்களில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நபித்தோழர் ஸாபித் இப்னு கைஸின் மனைவி, கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறையில்லை என்று சொல்லியே பிரிவு கேட்டார். மஹராக, அதாவது மணக்கொடையாகக் கணவரிடம் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தரச் சொல்லி நபியவர்கள் பிரித்துவைத்தார்கள். அந்த உரிமையைக் கணவரின் கையில் கொடுத்தது யார்?

ஜமாஅத்தில் குலா கடிதம் கிடைத்தாலும் தீராது. தனியார் அமைப்பு தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மனுவில் குலா என்று எழுதும் முன் யோசியுங்கள். குலாவில் பொதுவாக மஹரை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டத்தில் பிரிந்தால் மஹர் உரிமை அப்படியே நிற்கும். கொடுமை, மூன்றாண்டு காரணமின்றி இல்லறக் கடமை தவறுதல், ஏழாண்டு சிறைத் தண்டனை எனப் பல காரணங்கள் அதில் உண்டு. நிரூபிக்க எளிது, இரண்டாண்டு பராமரிக்காதது. இடையில் ஒருமுறை பணம் அனுப்பியிருந்தால் அதைத்தான் எதிர்த்தரப்பு தூக்கிக் காட்டும். ஆகவே வந்தது எவ்வளவு, எப்போது என்று தேதியோடு குறித்து வையுங்கள். வங்கிக் கணக்கு விவரம், நீங்கள் கட்டிய பள்ளிக் கட்டண ரசீதுகளும் வேண்டும். அடித்திருந்தால் மருத்துவமனைச் சீட்டு, காவல் நிலைய மனு ரசீது. இவை இல்லாமல் கொடுமையை மட்டும் நம்பிப் போகும் வழக்கு வாய்ச்சொல்லுக்கு வாய்ச்சொல்லாக நின்றுவிடுகிறது.

நிக்காஹ் தஃப்தர் (ஜமாஅத்தின் திருமணப் பதிவேடு) நகலை முன்கூட்டியே வாங்குங்கள். வழக்கென்று தெரிந்தபின் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். ஜீவனாம்சத்துக்குத் தனி மனுப் போட்டு, இடைக்கால ஜீவனாம்சமும் சேர்த்துக் கேளுங்கள். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் அது உண்டென்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

கணவர் நான்காண்டாகக் காணாமல் போயிருந்தால், அவருடைய வாரிசுகளின் பெயர், முகவரியை மனுவில் தர வேண்டும். அவர்களுக்கும் நோட்டீஸ் போகும். இந்தக் காரணத்தில் கிடைக்கும் தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் அவர் வந்து, சேர்ந்து வாழத் தயார் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால் தீர்ப்பு ரத்தாகும். அதுவரை மறுமணப் பேச்சை எடுக்காதீர்கள்.