கண்டிக்கிற வசனத்தோடு வேதத்தை மூடிவிடாதீர்கள்

வேதத்தை, அதாவது பைபிளை, ஒழுங்காக வாசிக்க ஆரம்பித்த பலர் சொல்வது இதுதான்: "ஆறுதல் கிடைக்கும் என்று வாசித்தேன், குற்ற உணர்வுதான் கூடியிருக்கிறது." அவர்களுக்கு நான் சொல்வது, நிறுத்தாதீர்கள், இன்னும் கொஞ்சம் கீழே வாசியுங்கள். நான் வாசித்துப் பார்த்தவரை, இருதயத்தைத் திருத்துகிற வார்த்தையும் அதைக் குணமாக்குகிற வார்த்தையும் வேதத்தில் பெரும்பாலும் அடுத்தடுத்துதான் வருகின்றன, நாம்தான் பாதியில் எழுந்துவிடுகிறோம்.

2 சாமுவேல் 11, 12 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். தாவீது ராஜா உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவையும் கொல்லச் செய்த கதை அது. பத்சேபாளுக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் தீர்க்கதரிசி நாத்தான் வருகிறார், அப்படியென்றால் தாவீது மாதக்கணக்கில் எதுவும் நடக்காததுபோல அரசாண்டிருக்கிறார். நாத்தான் நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை, ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்துக்கொண்ட கதையைச் சொல்கிறார். தாவீதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது, நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறார். அப்புறம்தான் 7-ஆம் வசனம்: "நீயே அந்த மனுஷன்." என் வாசிப்பை மாற்றிய இடம் இது. அடுத்தவன் பாவத்தைப் பற்றி நமக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! அதனால் ஒரு வசனத்தை வாசிக்கும்போது 'இது இன்னாருக்குப் பொருந்தும்' என்று மனம் ஓடினால், அங்கேயே நின்று அதே வசனத்தை உங்கள் பெயரைப் போட்டு மறுபடியும் வாசியுங்கள்.

சரி, 7-ஆம் வசனத்தோடு வேதத்தை மூடினால் என்ன மிஞ்சும்? பயம் மட்டும்தான். 13-ஆம் வசனத்துக்குப் போங்கள். கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தேன் என்று தாவீது சொல்கிறார், கர்த்தர் உன் பாவத்தை நீக்கிவிட்டார் என்று நாத்தான் சொல்கிறார், இரண்டும் ஒரே வசனத்துக்குள். பாவத்தின் விளைவு எல்லாம் மறைந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் வாசிக்க வேண்டும், அந்தப் பிள்ளை இறந்துபோகிறது. ஆனால் உறவு திரும்பக் கிடைக்கிறது. பிறகு சங்கீதம் 51-ஐ எடுங்கள், அது இந்தச் சம்பவத்தில் எழுந்தது என்று தலைப்பே சொல்கிறது. நொறுக்கப்பட்ட எலும்புகள் களிகூர வேண்டும் என்று 8-ஆம் வசனத்தில் கேட்கிற மனிதர், நொறுக்கியவரிடமேதான் அதைக் கேட்கிறார்.

பவுல் எழுதிய ரோமர் 7-ஐ வாசிக்கிறவர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். "நிர்ப்பந்தமான மனுஷன் நான்" என்ற 24-ஆம் வசனத்தோடு மனம் கனத்துப்போய், அதிகாரம் முடிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் போடப்பட்டவை, பவுல் அங்கே பேனாவைக் கீழே வைக்கவில்லை. கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்கிற 8:1 அதன் தொடர்ச்சிதான்.

இயேசுவின் சீடர் பேதுருவின் கதையையும் இப்படியே சேர்த்து வாசிக்கலாம். யோவான் 18-இல் கரிநெருப்பருகே நின்று இயேசுவின் சீடன் இல்லை என்று மறுதலித்தவர், 21-இல் இன்னொரு கரிநெருப்பருகே இயேசுவின் முன் உட்கார்ந்திருக்கிறார். மூன்று தரம் மறுதலித்தவரிடம் 'என்னை நேசிக்கிறாயா' என்று மூன்று தரம் கேள்வி வருகிறது. மூன்றாம் தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது, வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஆடுகளை மேய்க்கிற பொறுப்பு கையில் கொடுக்கப்படுகிறது, காயம்பட்ட இடத்திலேயே வேலையும் கிடைக்கிறது.

மனதில் எழுகிற குரல் கர்த்தருடையதா, வெறும் குற்றச்சாட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பார்க்கிற அடையாளம்: வேதம் திருத்தும்போது குறிப்பிட்ட ஒரு காரியத்தைத் தொடும், இந்தப் பொய், இந்தக் கசப்பு, இவரிடம் பேசின இந்த வார்த்தை என்று. திரும்பி வர வழியும் காட்டும். 'நீ எதற்கும் லாயக்கில்லை' என்று மொத்தமாக அமுக்குகிற குரல் எந்த வழியும் காட்டாது. 2 கொரிந்தியர் 7:10 தேவனுக்கேற்ற துக்கத்தையும் லௌகிக துக்கத்தையும் பிரித்துச் சொல்வதை இதோடு வைத்து வாசியுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா வேதனையும் கண்டிப்பு கிடையாது. யோபுவின் துன்பத்தைப் பார்த்த நண்பர்கள் அப்படித்தான் நினைத்தார்கள், அவர்கள் சரியாகப் பேசவில்லை என்று யோபு 42:7-இல் கர்த்தரே சொல்கிறார். பிறர் செய்த அநியாயத்தால் உடைந்து போயிருக்கிறவர்கள் கண்டிக்கிற பகுதிகளைத் தேடித் தேடித் தங்களையே அடித்துக்கொள்ள வேண்டாம், "இருதயம் நொறுங்குண்டவர்களைக் குணமாக்குகிறார்" என்கிற சங்கீதம் 147:3-இல் நாள்கணக்கில் தங்கியிருக்கலாம். மனச்சோர்வு முற்றியிருந்தால் மருத்துவரிடமும் போங்கள், அது விசுவாசக் குறைவு இல்லை.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், சங்கீதம் 32. மொத்தம் 11 வசனங்கள்தான். அடக்கி வைத்தபோது எலும்புகள் உலர்ந்த 3-ஆம் வசனத்திலிருந்து, அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுகிற 5-ஆம் வசனம் வரை சத்தமாக வாசியுங்கள். வாசிக்கும்போது யார் முகமாவது நினைவுக்கு வந்தால், மத்தேயு 5:24 சொல்கிறபடி போய் ஒப்புரவாகுங்கள், முடிந்தால் அன்றைக்கே. பிறகு வந்து மீதி வசனங்களை வாசியுங்கள்.