நோவாவுக்குள் தூசி

1934 டிசம்பரில் ஹெர்குலிஸ் விண்மீன் குழுவில் ஒரு நோவா, அதாவது மேற்பரப்பில் வாயு வெடித்து திடீரெனப் பிரகாசமாகும் நட்சத்திரம். வெறும் கண்ணுக்கே தெரிந்தது. சுமார் நூறு நாள் மெல்ல மங்கியது, அப்புறம் யாரோ திரையை இழுத்துவிட்ட மாதிரி சட்டென்று இருண்டது. பிறகு ஓரளவு தெளிந்தது. நட்சத்திரம் அணையவில்லை, அது கக்கிய வாயுவிலேயே தூசி உருவாகி வெளிச்சத்தை மறைத்திருக்கிறது. 1970இல் செர்பென்ஸ் நோவாவில் கண்ணுக்குத் தெரியும் ஒளி இறங்க இறங்க அகச்சிவப்பு ஏறியது. தூசி ஒளியை விழுங்கி வெப்பமாக, அகச்சிவப்பாக வெளியிடுகிறது என்பதால் சந்தேகம் தீர்ந்தது.

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாத விஷயம் வேறு. வாயு நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது, வெடிப்பு நடந்த வெள்ளைக் குள்ளனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம்) புற ஊதாக் கதிர் பொசுக்குகிறது. அந்த உலையில் துகள் எப்படி ஒட்டும்? அதிர்ச்சி அலைதான் காரணம் என்கிறது ஒரு விளக்கம். பின்னால் வரும் வேகமான வாயு, முன்னால் போன மெதுவான வாயுவை இடிக்கிறது. இடித்த இடம் முதலில் லட்சக்கணக்கான டிகிரி கொதிக்கும், சரி. ஆனால் நெருக்கம் கூடுவதால் வெப்பத்தைச் சீக்கிரம் கதிராகக் கொட்டிவிட்டு குளிர்ந்து, இன்னும் இறுகிவிடும். அந்தக் கெட்டி ஓட்டின் நிழலில், கதிர் எட்டாத இடத்தில், துகள் வளர்கிறது.

1993 காசியோபியா நோவா இன்னும் குறும்பு. கார்பனும் ஆக்சிஜனும் கார்பன் மோனாக்சைடாகப் பூட்டிக்கொண்டால் இரண்டில் அதிகமாக இருந்த ஒன்றுதானே மிஞ்சும், தூசியும் அதிலிருந்துதானே வரும்? அங்கே கார்பன் தூசி, ஆக்சிஜன் சேர்ந்த சிலிக்கேட் தூசி இரண்டுமே இருந்தன!