சித்தப்பாவின் தணிக்கைக் குறிப்பு

எங்க சித்தப்பா கூட்டுறவுத் தணிக்கையில இருந்து ரிட்டயர் ஆனாரே தவிர, தணிக்கை அவர்கிட்ட இருந்து ரிட்டயர் ஆகல. பால் பாக்கெட் வாங்கினாக்கூட வவுச்சர் கேக்குற மனுஷன். அவரோட அறுபதாம் கல்யாண போட்டோ இருந்த டிஸ்க் படுத்துக்கிச்சு.

தானாப் படுக்கல. மேல வீட்டுச் சின்னவன், கல்யாண வீடியோ ஓடிக்கிட்டிருக்கும்போதே, திக்குதேன்னு விண்டோஸ்ல டிஸ்க்கைச் சரிபார்க்குற செக்டிஸ்க்கை, கோளாறைத் திருத்தவும் சொல்ற '/எஃப்' போட்டு விட்டிருக்கான். அது நியாயமாத்தான் கேட்டுச்சாம்: டிரைவ் உபயோகத்துல இருக்கு, பலவந்தமாக் கழட்டட்டுமா? 'எஸ்'ஸுக்கான ஒய்யை அமுக்கிட்டான். வர்ற ஒய்யையெல்லாம் அமுக்குற தலைமுறை. அப்புறம் லேட்டாகுதுன்னு பாதியில வயரைப் பிடுங்கிட்டுக் கிரிக்கெட் ஆடப் போயிட்டான். '/எஃப்' இல்லாம ஓட்டியிருந்தா என்ன கோளாறுன்னு மட்டும் சொல்லிட்டு, எதையும் தொடாம ஒதுங்கியிருக்கும்.

"ரிப்பேர் பண்ற சாஃப்ட்வேர் எப்படிப்பா போட்டோவ அழிக்கும்?"ன்னார் சித்தப்பா.

அதுக்கு உங்க போட்டோ மேல பாசமெல்லாம் கிடையாது சித்தப்பா, பேரேடும் இருப்பும் ஒத்துப்போனாப் போதும், ஒத்துப்போகாததை ஓரங்கட்டிடும்னேன்.

"அப்ப நம்ம டிபார்ட்மென்ட்டுதான்"னு எழுந்து போய் நீள நோட்டு ஒண்ணு கொண்டுவந்தார். அங்க பிடிச்சது சனி.

முதல்ல பழைய டிஸ்க்கை அப்படியே புது டிஸ்க்குக்கு நகல் எடுக்கணும், ரிப்பேரெல்லாம் நகல் மேலதான். லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு, கெட்டுப்போன டிஸ்க்கை நகல் எடுக்குற சாஃப்ட்வேரைப் போட்டேன். ஒவ்வொரு கமாண்டையும் நான் வாசிக்க, அவர் எழுத, திருப்பி வாசிக்க, ஓரத்துல நேரம் போட. ரெண்டு டிஸ்க்கோட ஸ்டிக்கர்ல இருந்த சீரியல் நம்பரையும் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துக் குறிச்சார். 'செய்தவர்', 'அனுமதித்தவர்'னு ரெண்டு பத்தி வேற. சின்னவன் செஞ்ச வேலைக்கு நேரா, அனுமதித்தவர்: எவருமில்லை.

டிடிரெஸ்க்யூவும் எதுவரைக்கும் படிச்சேன், எந்த இடம் கெட்டுப்போச்சுன்னு தனியா ஒரு ஃபைல்ல குறிச்சுக்கும். நல்ல இடத்தை முதல்ல அள்ளிட்டு, கெட்ட இடத்துக்கு அப்புறமா வரும். பாதியில நின்னாலும் அந்தக் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்துல தொடங்கும். இதைச் சொன்னதும் சித்தப்பா முகத்தைப் பார்க்கணுமே, மாப்பிள்ளை பார்த்து முடிச்ச மாதிரி.

ராத்திரி இடி இடிச்சுது. கரண்ட் போச்சு. சித்தி ஓடிவந்து டிவி, ஃபிரிட்ஜோட சேர்த்து ரெண்டு டிஸ்க் வயரையும் பிடுங்கிட்டாங்க. "இடிக்கு வச்சுக்கக் கூடாதுடா!"

கரண்ட் வந்து திரும்ப மாட்டினா, லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கிற பேர்ல, நேத்து எஸ்டிபியா இருந்தது இன்னிக்கு எஸ்டிசி. பேரு இடம் மாறிடுச்சு. பழைய கமாண்டை அப்படியே ஓட்டியிருந்தா புதுசை எடுத்துப் பழசு மேல ஊத்தியிருக்கும். "சீரியல் நம்பரைப் பாரு"ன்னார் சித்தப்பா, நோட்டைத் தட்டி. அந்த மூணு வார்த்தைய அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்த அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டார். கேஸ் சிலிண்டர் போட வந்த தம்பிகிட்டயும்.

போட்டோ பெரும்பாலும் வந்துடுச்சு. ஆனா செக்டிஸ்க் கைபட்டதெல்லாம் பேரிழந்து, ஃபவுண்ட்.000 ஃபோல்டருக்குள்ள ஃபைல்0000.சிஹெச்கே, ஃபைல்0001.சிஹெச்கேன்னு கிடக்கு. பின்னாடி ஜேபிஜின்னு மாத்தினா பலதும் திறக்குது. யாரு, என்ன சடங்குன்னு நாமதான் பார்த்துப் பேர் வைக்கணும். சித்தியும் சித்தப்பாவும் உக்காந்துட்டாங்க. மஞ்சச் சேலை யாருன்னு சண்டை. கடைசியில சித்தி போனை எடுத்து, வீட்டுப் பாகப்பிரிவினைல இருந்து பேசாம இருந்த பெரியம்மாவைக் கூப்பிட்டுட்டாங்க. "அக்கா, அந்த மஞ்சச் சேலை யாருக்கா?" மஞ்சச் சேலைல ஆரம்பிச்சு முழங்கால் வலி, பேத்தி ஜாதகம்னு போய்க்கிட்டே இருந்துச்சு. சித்தப்பா நோட்டுல ஒண்ணும் எழுதல. மூக்குக் கண்ணாடியத்தான் துடைச்சுக்கிட்டிருந்தார்.

பெரியம்மா வீட்டுலயும் ஒரு டிஸ்க் திறக்கலையாம். என்னை ஒரு வார்த்தை கேக்காம, நாளைக்கே அனுப்புறேன்னு சித்தி சொல்லிட்டாங்க. அனுமதித்தவர் பத்தியில யார் பேரைப் போடுவாங்களோ.