ஸ்கூல் நர்ஸ் கிரெடென்ஷியல்: ஒரே விரலுக்கு எத்தன தடவ ரேகை?

ஒருவழியா ஸ்கூல் நர்ஸுக்கான ப்ரிலிமினரி கிரெடென்ஷியல், அதாவது மொத கட்ட தகுதிச் சான்று, வந்துருச்சு. கலிஃபோர்னியால ஆர்என் (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) லைசென்ஸ் இருந்தா ஸ்கூலுக்கு அது போதும்னு நெனைக்கிறவங்களுக்காகத்தான் எழுதுறேன், நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஏஜென்சி மூலமா ஒரு ஸ்பெஷல் எஜுகேஷன் கிளாஸ்ல ஒரு பையனுக்கு நர்ஸா இருந்தேன். ஜி-டியூப் ஃபீட் (வயித்துல வெச்ச குழாய் வழியா சாப்பாடு), சக்‌ஷன், கத்தீட்டர் எல்லாம் நான்தான் பாத்துக்கிட்டேன், ஆனா அதே பையனோட ஐஇபிக்கு (அவனுக்குன்னு ஸ்கூல் போடுற தனிக் கல்வித் திட்டம்) ஹெல்த் அசெஸ்மென்ட் நான் எழுத முடியாது. கிரெடென்ஷியல் உள்ள ஸ்கூல் நர்ஸ் இல்லன்னா டாக்டர்தான் பண்ணணும்னு இங்க கல்விச் சட்டத்துலயே இருக்கு. எப்பவாவது வர்ற கிரெடென்ஷியல் நர்ஸ் வந்து ஃபீட்டுக்கு 20 நிமிஷம்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. வேகமா விட்டா அவன் வாந்தி எடுப்பான், 40 நிமிஷமாவது வேணும். அந்தக் கடுப்புலதான் அப்ளை பண்ணேன்.

கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல, பேச்சிலர்ஸ் டிகிரி, கலிஃபோர்னியா ஆர்என், கைரேகை. என் டிகிரி நம்ம ஊரு பிஎஸ்சி நர்சிங். லைசென்ஸ் எடுத்தப்பவே நர்சிங் போர்டுக்கு எல்லா பேப்பரும் போயாச்சு, அதுவே போதும்னு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல ஒரு அம்மா அடிச்சு சொன்னாங்க. போதாது! போர்டு வேற, இந்த கிரெடென்ஷியல் குடுக்குற டீச்சர் கிரெடென்ஷியலிங் கமிஷன் வேற. வெளிநாட்டு டிகிரின்னா கமிஷன் லிஸ்ட்ல இருக்குற எவால்யுவேஷன் ஏஜென்சிகிட்ட ரிப்போர்ட் வாங்கணும். மொதல்ல அந்த லிஸ்ட்டப் பாருங்க, அப்புறம் பணம் கட்டுங்க.

அந்த ரிப்போர்ட்டுக்கு சீல் வெச்ச டிரான்ஸ்கிரிப்ட் வேற. ஊர்ல அப்பா நாலு நட நடந்தாரு. "போன தடவையே அனுப்பிட்டோமே சார், திரும்ப எதுக்கு"ன்னு கிளார்க் கேக்க, அப்பா என்கிட்ட அதயே கேக்க, நடுராத்திரி ஃபோன்ல ரெண்டு பேருக்கும் நான் வெளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்பவே ரெண்டு மூணு சீல் கவரா வாங்கி வெச்சுக்கோங்க.

அடுத்து லைவ் ஸ்கேன், அதாவது மெஷின்ல கைரேகை எடுக்குறது. இதுல முட்டாள்தனம் என்னோடது. நர்சிங் போர்டுக்கு எடுத்த பழைய ஃபார்ம் ஃபைல்ல இருந்துச்சு, அதயே பிரிண்ட் எடுத்துட்டுப் போயிட்டேன். ரிசல்ட் போர்டுக்கே போயிருச்சு, பணம் போனது போனதுதான். கமிஷனுக்கு 41-எல்எஸ்னு தனி ஃபார்ம். சரின்னு அதோட திரும்பப் போனா, ரேகை தெளிவா இல்லன்னு ரிஜெக்ட். நாள் பூரா கை கழுவி, சானிடைசர் போட்டு நம்ம விரல்ல ரேகை எங்க இருக்கு? மூணாவது தடவ போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ராத்திரி ராத்திரி லோஷன் தடவிட்டுத் தூங்குனேன், எடுத்துருச்சு. ரிஜெக்ட் ஆன லெட்டரையும் அந்தத் தடவ குடுத்த 41-எல்எஸ் ஃபார்மையும் மறக்காம கொண்டு போங்க. இதுக்கு மேல டிஸ்ட்ரிக்ட்டுக்குன்னு தனியா இன்னொரு ரேகை, ஒருத்தர் எடுத்தத இன்னொருத்தர் வாங்கிக்க மாட்டாங்க.

அப்ளிகேஷன் ஒரு மதியத்துல முடிஞ்சிருச்சு.

ப்ரிலிமினரிக்கு 5 வருஷம்தான் ஆயுசு. அதுக்குள்ள கமிஷன் ஒத்துக்கிட்ட ஸ்கூல் நர்ஸ் கோர்ஸ் ஒண்ணு, 2 வருஷ ஸ்கூல் அனுபவம், ரெண்டையும் முடிச்சாதான் அடுத்த கட்டமான க்ளியர் கிரெடென்ஷியல். கடைசி வருஷத்துல கோர்ஸ் தேடலாம்னு இருக்காதீங்க.

போன வாரம் அந்தப் பையனோட ஐஇபி மீட்டிங். அசெஸ்மென்ட் நான் எழுதுனது, ஃபீட்டுக்கு 40 நிமிஷம்னு மொத வரியிலயே போட்டுட்டேன்.