அப்பா பெயரில் ஒரு மகிழமரம்

அப்பா நினைவாக சேலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு மரமும் பெயர்க்கல்லும் வைக்கப் போகிறோம், மாநகராட்சியில் மனுவும் கொடுத்தாயிற்று.

என்ன மரம் என்பதில்தான் வீட்டில் பெரிய பேச்சு. பெரியப்பா ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கைச் சொன்னார், சீக்கிரம் வளருமாம். ஆனால் அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் செழிப்பதைக் கீழே சேலம் வெயிலில் ஏன் வதைக்க வேண்டும்? மகிழம் மெதுவாகத்தான் வளரும், சரி, ஆனால் வருஷம் முழுக்க இலை இருக்கும், பூ காய்ந்து சருகான பிறகும் வாசம் போகாது, அம்மா அதைப் புடவை மடிப்பில் வைப்பார். அதனால் மகிழம்தான்.

பெயர்ப்பலகையை மரத்தில் ஆணியடிக்கவே கூடாது. இலையில் தயாராகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது, ஆணி அந்த இடத்தைத்தான் கிழிக்கும், அந்தப் புண் வழியாகப் பூஞ்சையும் புகும். தூரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கருங்கல் போதும். அதில் அப்பா பெயரும் ஊரும் மட்டும், பட்டம் பதவி எதுவும் வேண்டாம்.

ஐப்பசி மழையில் நட்டால் வேர் பிடித்துவிடும். அப்புறம் முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், கல்லுக்குச் செலவழிப்பதைவிட அதற்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.